எத்தனை மூட்டை தாங்கும்

எங்கள் பழைய மாணவர் சங்கம் இந்த முறை மலரில் தொழில் அனுபவங்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறது. வைத்தியர்கள் எழுதிவிட்டார்கள். கணக்காளர்கள் எழுதிவிட்டார்கள். பெற்றோல் நிலையங்கள் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் படத்தோடு எழுதிவிட்டார். மிச்சம் இருந்தது நான். மலர்க் குழுவின் செயலாளர், என்னைவிட மிகவும் இளையவர், தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, நீங்கள் பிளேன் வேலை செய்தனீங்கள்தானே. இளம் பிள்ளையளுக்கு ஒரு ஊக்கமா இருக்கிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாங்கோ."

"ஊக்கமா எழுத என்னட்டை ஒண்டும் இல்லைத் தம்பி."

"பரவாயில்லை அண்ணை, உள்ளதை எழுதுங்கோ."

உள்ளதைத்தான் எழுதுகிறேன். கேட்டதற்காக அவர் பிறகு வருத்தப்பட்டால் நான் பொறுப்பில்லை.

முதலில் ஒரு திருத்தம். கல்யாண வீடுகளில் என்னைப் "பிளேன் எஞ்சினியர்" என்று அறிமுகப்படுத்துகிறார்கள். நான் எஞ்சினியர் இல்லை, படவரைஞன். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்காலும் மதகும் படமாகக் கீறிக்கொண்டிருந்தவன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு ஓடிவந்தேன். ஸ்ட்ரெதமில் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தது, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் அடித்தது எல்லாம் மற்றவர்களின் கட்டுரைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதே கதைதான் எனக்கும். அதன் பிறகு, பழைய மை வரைபடங்களை வாசிக்கவும் கையால் திருப்பிக் கீறவும் தெரிந்த ஒருவர் தேவை என்று ஒரு பட்டறை தேடியது. நான் போய்ச் சேர்ந்தேன்.

லண்டனின் தெற்கு ஓரத்தில், ஒரு காலத்தில் விமானத் திடலாக இருந்த வெளியின் விளிம்பில், தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட கொட்டகை. முதலாம் உலகப் போர்க் காலத்து இராணுவ விமானங்களையும் அதற்கு முந்தியவற்றையும் அங்கே திருத்தினோம். திருத்தவே முடியாதவற்றுக்கு அச்சொட்டாகப் பிரதி செய்தோம். மரச் சட்டகம், அதன் மேல் லினன் துணி, துணியை இழுத்து இறுக்குவதற்கு மூக்கைத் துளைக்கும் நெடியோடு ஒரு கரைசல். இன்று அந்த இடத்தில் மாடி வீடுகள். ஓர் இறக்கை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கணினித் திரையில் நிறம் நிறமாகக் காட்டிவிடுகிறார்களாம். நாங்கள் மண்மூட்டை வைத்துப் பார்த்தோம்.

பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் பெல்லமி. அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

ஒடிசலான, உயர்ந்த மனிதர். எந்தக் கடும் குளிரிலும் கழுத்துப் பட்டியோடுதான் வருவார். என் முழுப் பெயர் சிவநாதன். அவருக்கு அதில் பின்பாதிதான் வசப்பட்டது. கடைசிவரை "மிஸ்டர் நாதன்" என்றே கூப்பிட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடியும்வரை எதிரில் நிற்பவன் நிற்க வேண்டியதுதான். இறுக்கிய துணியை நகத்தால் தட்டிப் பார்த்து, சத்தம் பிடிக்காவிட்டால் "மறுபடியும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகக் கிழமைக் கணக்கில் ஒட்டிய துணியைக் கிழித்து எறிந்திருக்கிறோம். ஒரு முறை ஏதோ அளவு கேட்டபோது, "ஏறக்குறைய இவ்வளவு இருக்கும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஊகம் கேட்கவில்லை, மிஸ்டர் நாதன். கண்ணால் பார்க்காத மரத்துக்கு எண் சொல்லக் கூடாது" என்றார்.

இந்த நாட்டின் இராணுவ விமான ஆராய்ச்சி தொடங்கியது ஒரு பலூன் கொட்டகையில். மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வைத் துண்டு துண்டாகப் பொருத்திப் பலூன் செய்தார்கள். நான் மரக்கறிக்காரன்; இதை முதலில் கேட்ட அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. பலூனுக்குப் பிறகு ஆளைத் தூக்கும் பட்டம், பட்டத்துக்குப் பிறகு எஞ்சின் பூட்டிய விமானம். அந்தக் கொட்டகைதான் அரசாங்கத்தின் விமானத் தொழிற்சாலையாக வளர்ந்தது. பல்கலைக்கழகங்களிலிருந்து கணிதத்தில் வல்ல இளைஞர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெல்லமி மீசை முளைக்காத வயதில் அங்கே பயிலுநராகப் போனபோது, அந்த முதல் காலத்து ஆட்கள் சிலர் கிழவர்களாக இன்னும் நடமாடினார்களாம். அவர்களிடம் கேட்டதைத்தான் எங்களுக்குச் சொல்வார்.

அப்போது எங்கள் கையில் இருந்ததும் அங்கே பிறந்த ஒரு விமானத்தின் பிரதிதான். ஓட்டுபவன் கையை எடுத்தாலும் தானாகவே நேராகப் பறக்க வேண்டும் என்று இராணுவம் கேட்டது. மேலே இருந்து எதிரியின் இடத்தை அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்த்துக் கீறிக்கொண்டு வருவதற்கு. அந்தக் கணக்கைப் போட்ட இளைஞர், போட்ட கணக்கைப் பிறர் உடம்பில் சோதிக்க விரும்பாமல், தானே பறக்கப் பழகித் தானே ஏறிச் சோதித்தார். விமானம் கேட்டபடியே பறந்தது. பிறகு ஒரு நாள் அவருடைய விமானம் வானத்தில் தீப்பிடித்து அவர் எரிந்துபோனார். போர் முற்றியபோது அந்த நேரான பறப்பே வினையாகிவிட்டது. எதிரி சுட வந்தால் திரும்பி வளைந்து தப்ப அதற்கு மனமில்லை. ஏறிப்போன பொடியன்கள் வரிசையாகச் செத்தார்கள்.

"கேட்ட கேள்விக்கு அவர்கள் கொடுத்த விடை சரி, மிஸ்டர் நாதன். கேள்விதான் போதவில்லை" என்றார் பெல்லமி. இதைச் சொல்லும்போதும் குரலில் ஒன்றும் இருக்காது.

எங்கள் பிரதி பறக்க வேண்டும் என்று முடிவானதால் அதன் இறக்கையைச் சோதிக்க வேண்டியிருந்தது. பெல்லமி அந்தக் காலத்து முறையிலேயே செய்தார். இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தாங்கிகளில் பூட்டுவோம். பறக்கும்போது காற்று கீழிருந்து மேலே தள்ளும். கவிழ்த்து வைத்து மேலிருந்து பாரம் ஏற்றினால் மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பாரம் என்பது சின்னச் சின்னக் கன்வஸ் பைகளில் கட்டிய மணல். மணலை முதலில் தட்டுகளில் பரப்பி அடுப்பில் காயவைக்க வேண்டும். லண்டன் காற்றில் ஈரம் அதிகம், ஈரம் ஏறினால் பை பாரம் கூடிவிடும். ஆகையால் காலையில் நிறுத்த பையை மத்தியானம் மறுபடி நிறுப்போம். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, ஒரே நேரத்தில், நடுவிலிருந்து நுனிக்கு அடுக்கிக்கொண்டு போக வேண்டும். பையைப் போடக் கூடாது. தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்துவிட்டுக் கையை மெல்ல உருவ வேண்டும்.

ஒரு சுற்று வைத்து முடிந்ததும் பெல்லமி கையை உயர்த்துவார். எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். அவர் நீளமான ஒரு மரக் கம்பின் ஒரு முனையை இறக்கையிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். மரம் முறிவதற்கு முன் முனகும். அந்த முனகல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று விரலால் காட்டுவார். பிறகு அடுத்த சுற்று. வேண்டிய அளவுக்குப் பாரம் ஏறி, முனகலும் இல்லை என்றால், கம்பை இறக்கிவிட்டு "தாங்கியது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் பாராட்டு வராது. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

தொண்ணூறில் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை. என் தம்பி ரவி அங்கே பள்ளிக்கூட ஆசிரியன். அவன் மனைவி வதனி, மகள் தாரிணி, சின்னவன் கோபி. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இரண்டையும் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் என் பிள்ளைகள் என்றே மனதில் வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், பழைய காலத்தில் குண்டு போட்ட விதத்தைப் பெல்லமி விளக்கிக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் அதற்கென்று ஒரு பொறியும் இல்லை, பக்கத்தில் இருந்தவன் எட்டிக் கையால் கீழே போட்டான் என்றார்.

"எங்கள் ஊரில் பீப்பாய்க்குள் வெடிமருந்து அடைத்து, விமானக் கதவால் உருட்டிவிடுகிறார்கள்" என்றேன்.

"எந்தக் காலத்தில்?" என்றார், ஏதோ பழைய யுத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

"போன மாதம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபத்தில் அல்ல என்பது எனக்கு விளங்கியது. வெகுநேரம் துடைத்தார்.

அதற்குக் கொஞ்சக் காலம் பின்னால் ரவி பள்ளிக்கூட அலுவலாகக் கொழும்புக்கு வந்தவன், வெள்ளவத்தையில் ஒரு கடையிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, நாங்களும் பங்கர் வெட்டப் போறம். மேல பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போடுறது. பக்கத்து வளவில கன மூட்டை ஏத்தி, ஒரு குண்டும் விழாமலே கூரை இறங்கிட்டுது. நீங்கள் அங்க மண்மூட்டை வைச்சுத்தானே பிளேன் செட்டையைப் பாக்கிறனீங்கள். எத்தினை மூட்டை தாங்கும் எண்டு சொல்லுங்கோ."

"மரத்தைப் பாக்காமல் எப்பிடியடா சொல்லுறது?"

"நீங்கள் பாத்த மரம்தானே அண்ணை. எங்கட வளவுப் பனைதான்."

ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுக்கும்படி சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் பெல்லமியிடம் போய்ச் சொன்னேன். ஊகம் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, ஒரு வைத்தியர் நோயாளியைக் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன மரம், எவ்வளவு தடிப்பு, உள்ளே வைரமா வெளியே வைரமா, வெட்டப்போகும் கிடங்கின் அகலம் என்ன, அங்கே மழை எப்படி. பனைக்கு வெளிப்புறம்தான் வைரம், உள்ளே சோறு என்றேன். மழை ஐப்பசி கார்த்திகையில் விடாமல் கொட்டும் என்றேன். உடனே நிமிர்ந்தார். "அப்படியானால் மூட்டை நனையும். நனைந்த மணலின் பாரத்தைத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வளவுக்காரர் காய்ந்த மணலை நினைத்திருப்பார்."

பனைக்கு அவரிடம் எந்த எண்ணும் இல்லை. லண்டனில் பனங்குற்றிக்கு எங்கே போவது? அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. திணைக்களத்தில் வாய்க்கால்களுக்கு மேலே பனங்குற்றி அடுக்கித்தான் பாலம் போடுவோம். நெல் ஏற்றிய உழவு இயந்திரம் அதன் மேலே போகும். குற்றியின் நீளமும் தடிப்பும் நானே கீறியவை. இதைச் சொன்னதும் பெல்லமியின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. "அதுதான் சோதனை, மிஸ்டர் நாதன். உங்கள் ஊர் அதை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் மற்ற வேலைகள் நின்றன. பாலத்தின் பாரத்தை வைத்துக் கணக்குப் போட்டோம். கிடங்கின் அகலத்தைக் குறை, குற்றியைப் பிளக்காதே, இரண்டு தட்டாகக் குறுக்கும் நெடுக்கும் போடு, அதற்கு மேல் இத்தனை மூட்டை, அதற்கு மேல் ஒன்றுகூடப் போடாதே. எல்லாம் முடிந்தது என்று நான் எழும்பியபோது அவர் கேட்டார்: "வாசல் எத்தனை?"

"ஒன்று."

"இரண்டு வேண்டும். ஒன்றுக்கொன்று எதிர்ப் பக்கத்தில்." தாளில் இரண்டையும் அவரே கீறினார். "நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் தெருவிலும் ஒரு பதுங்குமிடம் இருந்தது. நல்ல கூரை. ஒரே வாசல். என் அம்மாவும் தங்கையும் உள்ளே இருந்தார்கள்." அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ரவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அவன் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

"ரண்டு வாசல் கட்டாயம் வேணும் ரவி. ஒண்டு அடைபட்டால் மற்றதால வரலாம்."

"வளவில கிழக்கும் மேற்கும் மதில் அண்ணை. வைக்கிறதெண்டால் ஒண்டு வடக்கை, மற்றது தெற்கை." கொஞ்சம் நிறுத்தினான். "சரி, பாப்பம்."

அந்தச் சின்ன நிறுத்தத்தை நான் பொருட்படுத்தவில்லை. காசு முடிகிறது போல என்று நினைத்தேன்.

அதன் பிறகு மாதக் கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. அந்த இடைவெளியில் நானும் மனைவியும் லண்டனுக்குத் தெற்கே சட்டனில் ஒரு வீடு வாங்கினோம். முதலில் பார்த்த வீடு இதைவிட நல்லது, விலையும் குறைவு. ஆனால் வாசல் தெற்குப் பார்த்தது. மனைவி படலையைத் தாண்டவே இல்லை. வீடு காட்ட வந்த வெள்ளைக்காரப் பெடியனுக்கு எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி இதெல்லாம் பாடம். "இதுவும் தெற்கா?" என்று சிரித்துக்கொண்டு அடுத்த சாவியை எடுத்தான். நானும் சிரித்தேன்.

ரவி திரும்ப எடுத்தது ஒரு சனிக்கிழமை. கொழும்பிலிருந்துதான். குரல் தூரத்தில் கேட்டது.

"அண்ணை, நீங்கள் சொன்ன கூரை தாங்கினது."

"என்னடா, குண்டு விழுந்ததோ?"

"வளவுக்குள்ளயே விழுந்தது. குசினியும் கிணத்துக் கட்டும் தரைமட்டம். பங்கரில ஒரு குத்தி அசையேல்லை அண்ணை. ஊரெல்லாம் வந்து பாத்தது."

"வதனி? பிள்ளையள்?"

"ஒரு காயம் இல்லை."

"முருகா" என்று நான் சுவரில் சாய்ந்தேன். சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தாள். அவளுக்குக் கையால் காட்டினேன், ஒன்றுமில்லை, எல்லோரும் சுகம் என்று. பிறகுதான் தொலைபேசியில் அவன் அழுவது கேட்டது.

"பிறகேன்ரா அழுறாய்?"

அவன் சொன்னதை அவன் சொன்ன ஒழுங்கில் எழுத என்னால் முடியவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். குண்டு போடுகிற பொம்மர் வந்ததும் வதனி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். குசினிச் சுவர் முழுவதும் வடக்கு வாசலுக்கு மேலே விழுந்து, மண்ணும் சரிந்து மூடிவிட்டது. இவன் ஓடிவந்து, ஊராட்களோடு சேர்ந்து தோண்டி எடுக்கும்போது மூச்சு நின்று வெகுநேரமாகிவிட்டது. மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"மற்ற வாசல்?" என்று கேட்டேன். அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

"வைச்சனாங்கள் அண்ணை. வெட்டி, படியும் வைச்சு முடிச்சாப் பிறகு வதனி அதைப் பாத்துப் பாத்துப் பயந்தவள். சாவுக்குப் பயந்து வெட்டின கிடங்குக்கு யமன்ரை பக்கம் வாசலோ எண்டு கேட்டவள். நித்திரை கொள்ளாமல் இருந்தவள். அந்தப் பக்கம் மூட்டை அடுக்கினால் இன்னும் பலம்தானே எண்டு நினைச்சு நான்தான் அடுக்கிவிட்டனான்."

சட்டனில் தெற்கு வாசல் வீட்டுக்கு முன்னால் நின்று சிரித்தவன் நான். குண்டு விழாத ஊரில், வீதி விளக்கு எரிகிற தெருவில் இருந்துகொண்டு எங்களுக்கே அந்தப் பயம் போகவில்லை. தலைக்கு மேலே விமானம் சுற்றுகிற இடத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவளை நான் எந்த வாயால் குறை சொல்வது? வதனியில் எனக்கு இன்றுவரை ஒரு கோபமும் இல்லை. கோபப்படவாவது ஒருவர் இருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. போனால் அங்கே மேல் இறக்கைக்குச் சோதனை. மூட்டைகள் காய்ந்து, நிறுத்து, வரிசையாக அடுக்கியிருந்தன. நான் ஒரு பக்கம், எனக்கு எதிரே இன்னொருவர். ஒவ்வொரு பையையும் தூக்கி வைத்துக் கையை உருவினேன். பெல்லமி கம்பைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். ஒரு முனகலும் இல்லை. "தாங்கியது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெளியே போய்த் தகரச் சுவரோடு நின்றுகொண்டேன்.

அவர் பின்னால் வந்தார். "ஊரிலிருந்து ஏதாவது செய்தியா, மிஸ்டர் நாதன்? அந்தக் கூரை?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அம்மாவையும் தங்கையையும் ஒற்றை வாசலுக்குள் விட்ட சிறுவனின் முகம் அது. அவரிடம் போய் இரண்டாவது தரமும் அதேதான் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

"தாங்கியது" என்றேன். "குண்டு வளவுக்குள்ளேயே விழுந்தது. ஒரு குற்றி அசையவில்லை."

"குடும்பம்?"

"ஒரு காயம் இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு என் தோளில் ஒரு தரம் தட்டிவிட்டு உள்ளே போனார். அவர் யாரையும் தொட்டு நான் கண்டதில்லை.

சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்றார். கொட்டகையிலேயே ஒரு தேநீர் விருந்து. பேசச் சொன்னார்கள். அவருக்குப் பேச்சு வராது. "என் உத்தியோகம் முழுவதும் மனிதரைக் கொல்லும் இயந்திரங்களைச் சோதித்தேன். பிறகு அவற்றின் பிணங்களைத் திருத்தினேன். வேறு விதமாக ஒரே ஒரு வேலைதான் செய்தேன். அது ஒரு கூரை. நான் அதைப் பார்த்ததில்லை. மிஸ்டர் நாதன் சொல்வார்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆம், தாங்கியது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு நேரம் எனக்கு வந்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு மாதம் ஒரு தரம் அவரைப் பார்க்கப் போவேன். தனி மனிதர். தேநீரை ஊற்றி வைத்துவிட்டு முதல் கேள்வியாக, "பிள்ளைகள் எப்படி?" என்பார். நான் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து போனார்கள் என்றேன். தாரிணிக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்றேன். கோபிக்குப் படிப்பில் நாட்டமில்லை, பந்தடிக்கத்தான் விருப்பம் என்றேன். அடுத்த மாதம் அவர் சரியாக அந்த இடத்திலிருந்தே கேட்பார். ஆகையால் நானும் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரயிலில் போகும்போதே யோசிப்பேன், இந்த மாதம் தாரிணிக்கு என்ன நடந்திருக்கும் என்று. சில நாட்களில் நானே சிரித்திருக்கிறேன். இது பொய்தானே என்று நீங்கள் கேட்கலாம். பொய்தான். ஆனால் அந்த மேசையில் இருக்கும் நேரம் மட்டும்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ரவி இப்போது எங்களோடு சட்டனில்தான் இருக்கிறான். ஒரு கடையில் வேலை. அவன் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதில்லை. நாங்களும் சொல்வதில்லை. வீட்டில் படம்கூட மாட்டவில்லை.

கடைசியாகப் போனபோது பெல்லமி கட்டிலில் இருந்தார். குரல் தேய்ந்துவிட்டது. "பிள்ளைகள்?" என்றார். தாரிணி உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள், கணிதப் பிரிவு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, கம்பைக் காதில் வைத்த அதே முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிவு வந்ததும் எனக்குச் சொல்லுங்கள், மிஸ்டர் நாதன்."

சொல்கிறேன் என்றேன். நல்ல பெறுபேறாகவே சொல்லலாம் என்று ரயிலில் வரும்போது தீர்மானித்தும் வைத்திருந்தேன். அதற்குள் அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு தாரிணியையும் கோபியையும் பற்றி ஒருவரும் என்னிடம் விசாரித்ததில்லை.